மூன்று உயிர்க் குத்தகை

செத்து நானூறு வருஷமானவர்களின் நிலப் பத்திரங்களைப் படிப்பதுதான், மராட்டி பேசும் தாபோடியில் ஒரு வாடகை மாடியில் உட்கார்ந்து நான் செய்யும் வேலை. வேல்ஸிலும் இங்கிலாந்திலும் நிலப்பிரபுக்கள் ஆட்டுத்தோலில் எழுதி வைத்ததை அங்குள்ள ஆவணக் காப்பகத்தார் படமெடுத்து அனுப்புகிறார்கள். யார், யாருக்கு, எந்த நிலம் என்று நான் சுருக்கித் தட்டச்சு செய்ய வேண்டும். பத்திரம் எழுதிய அந்தக் காலத்துக் குமாஸ்தாக்களுக்கு முற்றுப்புள்ளி என்றாலே ஆகாது. 'மேற்படி', 'மேற்படி' என்று ஒரே வாக்கியத்தை இழுப்பார்கள். அது முடிவதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடும்.

ஒரு பத்திரம் மட்டும் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. ஒரு வேல்ஸ் குடியானவன் தன் குத்தகைக்கு இத்தனை வருஷம் என்று கெடு வைக்கவில்லை, ஆள் வைத்திருந்தான். தான், மனைவி, கைக்குழந்தை. மூவரில் ஒருவருக்கு மூச்சு இருக்கும்வரை நிலத்தை யாரும் பிடுங்க முடியாது. கிழடு கட்டைகளை விட்டுவிட்டுக் குழந்தையைச் சேர்த்திருக்கிறான், படுபாவி.

எனக்கு வாய்த்ததோ பதினொரு மாத ஒப்பந்தம். புதுப்பிக்கும் நேரமெல்லாம் வீட்டுக்காரரின் அண்ணன் மகன் நகரத்தின் மறுகோடி கோந்த்வாவிலிருந்து வந்து, "இந்தத் தடவை காலி பண்ணிடுங்க, பில்டர்கிட்ட பேசியாச்சு" என்பார். ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் மாறிய என் மகள் இங்கேதான் ஒரு சிநேகிதியைப் பிடித்திருந்தாள். அவளை இன்னொரு தடவை பிடுங்கி நட எனக்குத் தெம்பில்லை.

வீட்டுக்காரர் கீழே தனியாக இருந்தார். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது தாபோடி. மனைவி காலமாகிவிட்டார், பிள்ளை இல்லை, சர்க்கரை உண்டு. ஒருநாள் டீ குடிக்கையில் வேல்ஸ்காரன் கதையைச் சொன்னேன்.

"ரொம்ப ஹுஷாரான ஆளும்மா," என்றார். "சரி, நம்மளும் அப்டியே வச்சுக்கலாம். நான் இருக்கிற வரைக்கும் உன்ன யாரும் காலி பண்ண முடியாது, போ."

வந்தது வினை. என் வசம் இருந்தது ஒரே உயிர், அதுவும் ஜிலேபிக்கு அலையும் உயிர். மறுநாளிலிருந்து அவர் பொட்டலத்தோடு வாசலில் நுழைந்தால் மறித்துக்கொண்டு நிற்பேன். மாத்திரை போட்டாரா என்று மாடியிலிருந்து குரல் கொடுப்பேன்.

"கட்டினவகூட இப்டிப் படுத்தலம்மா."

"அவங்களுக்குச் சொந்த வீடுங்க அங்கிள். எனக்கு நீங்க போனா வீடும் போச்சுங்க."

மழைக்காலத்தில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரி வார்டில் அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வடாபாவும் கையுமாகப் பக்கத்தில் நின்ற அண்ணன் மகன் மிரண்டு போனார். கிழவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"வூட்டுக்காகத்தான அழுவுற?"

"பாதி வீட்டுக்குங்க. பாதி உங்களுக்குங்க."

அதுதான் உண்மை. அவர் சிரித்து, இருமி, அண்ணன் மகனிடம் வேல்ஸ்காரன் கதையை முழுக்கச் சொன்னார். "இவகிட்ட ஒரு உயிருதான்டா கீது, பத்தாது. உன்னியும் சேத்துட்டேன். நீ கீற வரைக்கும் இவங்க மாடியில இருப்பாங்க."

"சித்தப்பா, பில்டரு..."

"பில்டரு எனக்காகப் பாதியாச்சும் அழுவானா?"

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு அண்ணன் மகனுடைய தொப்பையைப் பார்த்தேன், கையிலிருந்த வடாபாவைப் பார்த்தேன்.

"அண்ணா, எண்ணெய்ப் பலகாரம் கொஞ்சம் குறைச்சுக்குங்க."

என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, மிச்சத்தைக் காகிதத்தில் மடித்து வைத்தார்.