இன்சுலின் கொசொங்

மலேசியாவில், கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வேலை எனக்கு. எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் தப்பான தட்டு என் கையால் எந்தக் கட்டிலுக்கும் போனதில்லை.

அன்று காலை சுப்ராவுக்கு வடிகட்டிய சூப் கொண்டுபோனேன். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிறவர், சர்க்கரைக்காரர். உடம்பு குறைய, முந்தின நாள்தான் இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலைத் திருப்பித் தைத்திருந்தார்கள். பார்க்க யாரும் வரவில்லை. டயட் இருந்த கதையெல்லாம் என்னிடம்தான் சொல்வார். "இளைக்க இளைக்கப் பசி பேய் மாதிரி வரும்கா. நாசி லெமாக் கடைக்காரன் என்னப் பாத்தாலே ரெண்டு பொட்டலம் எடுத்து வெச்சிருவான்."

அன்று பேச்சே இல்லை. வியர்வையில் சட்டை நனைந்து, கை நடுங்கியது.

"என்னா தம்பி?"

"ஊசி போட்டேன்கா. டாக்டர்தான் சொன்னாரு, இன்சுலின் கொசொங்னு."

ஓடிப்போய் சிஸ்டரைக் கூட்டிவந்தேன். விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை அடியில் கிடந்தது. உடனே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

மலாயில் கொசொங் என்றால் காலி. இன்சுலின் வேண்டாம், சைபர் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வெறும் வயிற்றுக்கும் நாம் அதே சொல்லைத்தான் சொல்கிறோம். வெறும் வயிற்றில் போடச் சொல்கிறார் என்று நினைத்து, பையிலிருந்த தன் ஊசிப் பேனாவை எடுத்துப் பழைய அளவே குத்திக்கொண்டார் மனிதர்.

தெளிந்த பிறகு சிஸ்டர் சொன்னாள்: "அங்கிள், இப்ப சாப்பாடு சீக்கிரமே கீழ்க்குடலுக்குப் போயிரும். அங்கேருந்து ஒரு ஹார்மோன் வந்து ஒங்க ஒடம்பையே இன்சுலின் சுரக்க வைக்கும். சாப்பாடும் கம்மி. எட எறங்குறதுக்கு முன்னாடியே பழைய ஊசி அதிகமாயிரும். டயட்ல பசி ஹார்மோன் ஏறும், அதான் பேய்ப் பசி வரும். ஆபரேஷனுக்கு அப்புறம் அதுவும் கொஞ்சம் அடங்கும். வீட்டுல யாரு இருக்கா? அவங்ககிட்டயும் சொல்லணும்."

"டிவி இருக்கு லா."

சிஸ்டர் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் எனக்கும் அதுதான் துணை.

இரண்டு நாள் கழித்து சுப்ரா வீட்டுக்குக் கிளம்பும்போது அவரைப் பிடித்து நிறுத்தினேன். "சிஸ்டர் என்னா சொன்னாங்க? நீ சொல்லு, கேப்போம்."

"டாக்டர் போடச் சொல்ற வரைக்கும் ஊசி கெடையாதுக்கா."

"சரி, போ."

வார்டு வேலைக்கு வருகிற பிள்ளைகளே, நோயாளி தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று நம்பாதீர்கள். கேட்டதை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். தனியாகப் போகிறவர் தப்பாகப் புரிந்துகொண்டால், அந்த வீட்டில் அதைத் திருத்த ஆளில்லை.