ஏகமனதாக என்று எழுதாத தீர்மானம்

1. மைக்கை வைக்கும் நேரம்

கூட்டம் முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தலைவர் மைக்கைப் பிடித்து நன்றி சொல்ல ஆரம்பித்துவிட்டார். பந்தலுக்கு வெளியே டீ கேனைத் திறந்தாயிற்று. அப்போது பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"இருங்கோ தலைவரே, இன்னாத்துக்கு இவ்ளோ அவசரம்? குப்ப கொட்ற எடத்துக்கு நான் எங்க ஒத்துக்கினேன்?"

ஸ்டெல்லாவின் குரல். காலனியில் இருப்பவர், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். மெதுவாகப் பேசத் தெரியாது. வரப்பில் நின்று பேசினால் அடுத்த கழனியில் இருப்பவர்கள் பதில் சொல்வார்கள்.

நான் அந்த ஊராட்சியின் செயலராக இருந்தேன். சமீபத்தில்தான் ஓய்வு பெற்றேன். ஊர்ப் பெயர் வேண்டாம். உத்திரமேரூர் ஒன்றியத்தில் ஓர் ஊராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் செயலர்கள் சிலர் போன் போட்டு, "மேடம், கிராம சபையில யாராவது எதிர்த்துப் பேசினா மினிட்ல என்ன எழுதறது?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

அன்றைய பொருள் இதுதான். வீடு வீடாகச் சேகரிக்கும் குப்பையைத் தரம் பிரிக்க ஒரு கொட்டகை போட வேண்டும். கொட்டகை என்பது ஃபைலில் இருக்கும் பெயர். அது வந்தால் சுற்றிலும் குப்பை மலை வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். தலைவர் தேர்ந்தெடுத்த இடம் காலனிக்கு மேற்கே இருந்த புறம்போக்கு மேடு. மேட்டுக்குக் கீழே ஒரு கிணறு. அதில் மோட்டார் வைத்துத்தான் காலனித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறோம். காலனிக்குக் குடிக்க அந்தத் தண்ணீரை விட்டால் வேறு கிடையாது. முன்பு போட்ட போர் உப்பாகிவிட்டது.

"மழ பேஞ்சா மேட்டுத் தண்ணி எங்க வரும்? நேரா கெணத்துக்குத்தான் வரும். அந்தத் தண்ணிய எங்க கொயந்தைங்க குடிக்கணுமா?" என்றார் ஸ்டெல்லா.

தலைவர் சிரித்தார். கெட்டவர் இல்லை, ஆனால் யாராவது குறுக்கே பேசினால் சிரித்தே உட்கார வைத்துவிடுவார். ஒவ்வொரு கிராம சபையிலும், "குடவோலை கண்ட மண்ணுய்யா இது, ஜனநாயகம் நம்ம ரத்தத்துல ஓடுது" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்திருந்தார்.

"உக்காரும்மா. அதெல்லாம் இஞ்சினீர் பாத்துப்பாரு. நீயுந்தான் வரும்போதே கையெழுத்துப் போட்டுக்கீற, அப்புறம் இன்னா எதிர்ப்பு? செக்ரட்டரி, நீ எழுதும்மா. ஏகமனதா."

2. ஒரு வார்த்தை

ஏகமனதாக என்ற வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊராட்சி வேலைக்கு வந்த எவருக்கும் முதலில் சொல்லிக்கொடுக்கப்படுவது அதுதான். பொருள் எதுவாக இருந்தாலும் கடைசி வரி ஒன்றே: "இத்தீர்மானம் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது." தெருவிளக்கு, கால்வாய் தூர்வாருதல், வரவு செலவு, எல்லாவற்றுக்கும் அதே வரி. பொங்கலுக்கு முந்திரி போல அதைப் போட்டால்தான் தீர்மானம் தீர்மானமாகத் தெரியும். யாராவது முறைத்துக்கொண்டு எழுந்து போயிருந்தாலும் வார்த்தை மட்டும் மாறாது.

கையெழுத்துக் கதையும் அப்படித்தான். கிராம சபைக்கு இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்று கோரம் உண்டு. அதனால் பந்தலுக்குள் நுழையும்போதே கையெழுத்து வாங்கிவிடுவோம். நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை அப்படியே அழைத்து வந்து போடச் சொல்வதும் உண்டு. அது வந்ததற்கான கையெழுத்து. ஆனால் வாசலில் போட்ட கையெழுத்தை உள்ளே எடுத்த தீர்மானத்துக்குச் சம்மதமாக்கிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். வந்தவர் எல்லோரும் ஒத்துக்கொண்டவர் என்று கணக்கு.

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. ஸ்டெல்லா எனக்கு உறவோ சிநேகிதியோ இல்லை. வீட்டு வரி ரசீது தாமதமானதற்கு ஆபீசுக்கு வந்து என்னைக் கிழித்துத் தொங்கவிட்டவர். ஆனால் பந்தலில் நூறு பேர் முன்னால் ஒருத்தி வேண்டாம் என்று சொல்கிறாள். அவள் கண் முன்னாலேயே நான் எல்லோரும் சரி என்றார்கள் என்று எழுத வேண்டும். அப்படியென்றால் அவள் அங்கே ஆளே இல்லையா? பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

"தலைவரே, எதிர்ப்பு வந்துடுச்சி. கை தூக்கச் சொல்லி எண்ணிடுங்க. அப்பதான் எழுத முடியும்" என்றேன்.

"இன்னாம்மா புதுசா பேஜார் பண்ற?"

"சபையில கேட்டத எழுதறதுதான் தலைவரே என் வேல."

ஒன்றியத்திலிருந்து கூட்டத்தைக் கவனிக்க வந்திருந்த பற்றாளர் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். தோட்டக்கலைத் துறைக்காரர். அவருக்கு அடுத்த ஊரிலும் கூட்டம் இருந்ததால் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர்தான், "எண்ணிடுங்க தலைவரே, அஞ்சு நிமிஷம்" என்றார். நியாயத்துக்காகச் சொன்னாரா, சீக்கிரம் கிளம்புவதற்காகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் எனக்குச் சரிதான்.

எண்ணினோம். ஊர்ப் பக்கத்தில் பெரும்பாலோர் ஆதரவு. காலனிக்காரர்கள் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் நிலத்தில்தான் அவர்களுக்கு வேலை. எதிரில் கை தூக்குவது சும்மா இல்லை. ஸ்டெல்லா தூக்கிய கையை இறக்கவே இல்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. ஆனாலும் எண்ணிக்கையில் தோற்றார்கள். தீர்மானம் பெரும்பான்மையில் நிறைவேறியது.

வழக்கமாக ரஃப் நோட்டில் குறித்துக்கொண்டு போய், ஆபீசில் நிதானமாகத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுவோம். அன்று நான் பந்தலிலேயே புத்தகத்தைப் பிரித்தேன். ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை, எதிர்ப்புக்குக் காரணம் "உத்தேசிக்கப்பட்ட இடம் காலனியின் குடிநீர்க் கிணற்றுக்கு மேல் சரிவில் உள்ளது" என்று எழுதினேன். மைக்கை வாங்கி வாசித்துக் காட்டினேன். கடைசி வரிக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் குறுக்குக் கோடு போட்டு, தலைவரிடமும் பற்றாளரிடமும் அங்கேயே கையெழுத்து வாங்கினேன். இது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள் தம்பிகளே, தங்கைகளே: எழுதுவது, வாசிப்பது, கோடு போடுவது, கையெழுத்து வாங்குவது, நான்கும் பந்தலைப் பிரிப்பதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். ஆபீசுக்குப் போய் எழுதலாம் என்று கிளம்பினால் பின்னாலேயே நாலு பேர் வருவார்கள்.

3. கைவலி

மறுநாள் காலை நாஷ்டா ஆவதற்குள் தலைவர் ஆபீசுக்கு வந்துவிட்டார். சிரிப்பு இல்லை.

"ஜெயிச்சுதான் கீறோம், இல்லன்னு சொல்லல. ஆனா எதிர்ப்புன்னு எழுதினா மேல இன்னா நெனப்பாங்கோ? ஊர்ல சண்டைன்னு நெனப்பாங்கோ. அந்தப் பக்கத்த வுட்டுட்டு அடுத்த பக்கத்துல புதுசா எழுதிடு. பற்றாளரத் திரும்பக் கையெழுத்துப் போட வெக்கிறது என் பொறுப்பு."

"பக்கத்துக்கு நம்பர் கீது தலைவரே. பற்றாளர் கையெழுத்தும் கீது."

"உன்ன வேற ஊராட்சிக்கு மாத்திடுவேன், தெரியும்ல?"

"மாத்துங்க. அங்கயும் இப்டித்தான் எழுதுவேன்."

வாய் சொல்லிவிட்டது. உள்ளே பயம் இருந்தது, மறைப்பானேன். அந்த ஊர்தான் நான் வாழ்க்கைப்பட்ட ஊர். ஒன்றியத்தின் மறு கோடியில் போட்டால் இரண்டு பஸ் மாற வேண்டும். முட்டி வலி வேறு.

அடுத்து ஒன்றிய அலுவலகத்திலிருந்து போன். மேலதிகாரி ஒருவர், பெயர் வேண்டாம், நல்ல தன்மையாகத்தான் ஆரம்பித்தார்.

"ஏம்மா, எல்லா ஊராட்சியிலயிருந்தும் ஏகமனதான்னு வருது. உங்க ஊர்லயிருந்து மட்டும் கதை கதையா வருது. ஒரு வார்த்தை எழுதறதுக்கு கை வலிக்குதா?"

"வலிக்கல சார். நீங்க மாத்தி எழுதச் சொல்லி ஒரு லெட்டர் குடுங்க. அத வெச்சிக்கினு எழுதிடறேன். அந்த லெட்டரையும் தீர்மானத்தோட ஒட்டிடறேன்."

போன் கட்டாகிவிட்டது. லெட்டர் வரவில்லை. வராது என்று தெரிந்துதான் கேட்டேன்.

அதே வாரம் ஸ்டெல்லா வந்தார். தீர்மானத்தின் நகல் வேண்டுமாம். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எப்படி எழுதுவது என்று அவர் போகும் சர்ச்சின் பாதிரியார் சொல்லிக்கொடுத்து, பத்து ரூபாய்க்கு ஸ்டாம்பும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். எதிரில் நின்று சண்டைக்குத் தயாராக இருந்தார். நான் மனுவை வாங்கி முத்திரை போட்டு, நகல் எடுத்து அன்றைக்கே கொடுத்ததும் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"தர மாட்டேன்னு சொல்லுவீங்கோன்னு பாத்தேன்" என்றார்.

"சபையில மைக்ல வாசிச்சத பூட்டி வெச்சி இன்னா பண்ணப் போறேன்?"

நகலை எடுத்துக்கொண்டு அவர் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போனார். கூடவே காலனியிலிருந்து ஒரு ஆட்டோ நிறையப் பெண்கள்.

4. மாற்று இடம்

தீர்மானம் ஏற்கெனவே ஒன்றியம் வழியாக மேலே போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பிறகு தெரிந்த விஷயம் இது. மேலே ஃபைல் பார்ப்பவர்கள் தீர்மானத்தை முழுதாகப் படிப்பதில்லை. கடைசி வரியில் ஏகமனதாக என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார்கள். எங்கள் தாளில் அந்த வார்த்தை இல்லை. தேடியவருக்குக் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் மேலிருந்து கீழ் வரை படிக்க வேண்டியதாயிற்று. படித்தவர் கண்ணில் "குடிநீர்க் கிணறு" பட்டது. ஸ்டெல்லாவின் மனுவிலும் அதே வரி. ஃபைல் நின்றது.

இஞ்சினீயர் வந்தார். மேட்டில் நின்று பார்த்தார், கீழே இறங்கிக் கிணற்றைப் பார்த்தார், மறுபடியும் மேட்டில் ஏறினார். ஸ்டெல்லா ஒரு குடம் தண்ணீரை மேட்டில் ஊற்றிக் காட்டினார். அது எந்தப் பக்கம் ஓடியது என்று சொல்லத் தேவையில்லை. "இந்த இடம் உகந்ததல்ல, மாற்று இடம் தேர்வு செய்து மீண்டும் கிராம சபையின் ஒப்புதல் பெறவும்" என்று கடிதம் வந்தது. அதைப் படித்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காலனித் தெருவுக்குப் போய் நானே சொன்னேன்.

தலைவர் லேசுப்பட்டவர் இல்லை. மாற்று இடம் ஒன்றைக் கண்டுபிடித்தார். எங்கள் மேட்டுத் தெருவுக்குப் பின்னால் இருந்த புறம்போக்கு. அதாவது எங்கள் வீட்டுக்குப் பின்னால். அருகில் கிணறு இல்லை, ஏரி இல்லை, ஒரு காரணமும் சொல்ல முடியாது. பொருளை எழுதித் தரும்போது மறுபடியும் சிரித்தார்.

அடுத்த கிராம சபை காலனியில் நடந்தது. எல்லாக் குடியிருப்புகளிலும் மாற்றி மாற்றி நடத்த வேண்டும் என்பது விதி. இந்த முறை முதல்முறையாக அது நடந்தது. பொருளை வாசித்தேன். என் வீட்டுக்காரர் ஏழுமலை எழுந்தார். கூட்டத்தில் வாயே திறக்காத மனுஷன்.

"எங்க தெருவாண்ட வாணாம். நாத்தம் வூட்டுக்குள்ள வரும். நான் ஒத்துக்கல."

பந்தல் முழுக்கச் சிரிப்பு. தலைவர் மைக்கிலேயே கேட்டார்: "இன்னா செக்ரட்டரி, இப்ப இன்னா எழுதப் போற?"

கை எண்ணினோம். எங்கள் தெருக்காரர்கள்கூட எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று கை தூக்காமல் இருந்துவிட்டார்கள். "எதிர்ப்பு: ஒருவர். பெ. ஏழுமலை, மேட்டுத் தெரு. காரணம்: துர்நாற்றம் வீடுகளுக்குள் வரும்" என்று எழுதி வாசித்தேன். அப்போது ஸ்டெல்லா எழுந்தார்.

"அவுரு சொல்றது ஞாயந்தான? சுத்தி செவுரு கட்டி, ஓரமா மரம் வெச்சிட்டு அப்பால கொட்டட்டும். அதயும் எழுதுங்கோ."

எழுதினேன். கோடு போட்டேன். கையெழுத்து வாங்கினேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் நடந்தார். கட்டிய புருஷனை ஊர் முன்னால் தோற்க வைத்து அதைப் புத்தகத்திலும் ஏற்றியவள் என்ன பேசுவது? தெருமுனையில் நின்றார்.

"இனிஷியல் கரீட்டா போட்டியா?"

"போட்டேன்."

"பெரியசாமிக்கு 'பெ'தான?"

"'பெ'தான்."

தலையை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனார். ஓட்டெடுப்பில் தோற்றதை அவர் அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. போன் போட்டுக் கேட்கும் பிள்ளைகளுக்கு என் பதில் இதுதான்: எதிர்ப்பவர் தோற்கலாம், பரவாயில்லை. அவர் பெயரையும் காரணத்தையும் எழுதுங்கள், இனிஷியலோடு எழுதுங்கள், அவர் காதில் விழும்படி வாசியுங்கள்.