மிளகாய்த் தோட்டத்தில் ஒரு சுப்பர்சார்ஜர்

எண்பதுகளின் தொடக்கம். அப்போது பரந்தனில் பட்டறை வைத்திருந்தேன். ஒருநாள் காலை, பரமேசு அக்கா சைக்கிளில் வந்து இறங்கினார்.

"தம்பி, தண்ணி இறைக்கிற மிசின் மூச்சு வாங்குது. மிளகாய்க் கண்டெல்லாம் பூவோட வாடுது. இண்டைக்குத் தண்ணி போகாட்டி இந்தப் போகம் அவ்வளவுதான். இந்த மனிசன் பிளேன் கதை கதைச்சுக்கொண்டு நிக்குது!"

அந்த மனிசன், அக்காவின் கணவர் நடராசா அண்ணை. உலகப் போர்க் காலத்தில் விமானத்தளம் ஒன்றில் எஞ்சின் பூட்டிக் கழற்றும் பிற்றராக இருந்தவர். அவருக்கு எந்த எஞ்சினும் தரையில் நிற்கும் விமானம்தான். தண்ணி மிசின் காற்று இழுக்கும் வாயில் நீளமான தகரப் பைப் ஒன்றைப் பூட்டி, பச்சைப் பெயின்ற் அடித்து வைத்திருந்தார். "பிளேனுக்கு இப்பிடித்தான் தம்பி. காத்துச் சுத்தமா வரும்."

தோட்டத்துக்குப் போய், பிளக், வால்வு, காபரேற்றர் எல்லாம் பார்த்தேன். குறை இல்லை. பளபளவென்று நிற்கிற புதுப் பைப்பை யார் சந்தேகிப்பார்?

அண்ணை தொடங்கிவிட்டார். "மேல போகப்போகக் காத்து மெல்லிசு. எஞ்சின் சோர்ந்துபோகும். அதுக்குத்தான் சுப்பர்சார்ஜர். எஞ்சினே ஒரு காத்தாடியைச் சுத்தி, காத்தை அமத்தித் தனக்குள்ள தள்ளும். தரைக்கு ஒரு கியர், மேகத்துக்கு ஒரு கியர்."

"அண்ணை, நாங்கள் நிக்கிறது கிணத்தடியில."

"சும்மா இரும். அந்தக் காத்தாடியைக் கொண்டாரும்!"

அது உழவு மிசினில் பூட்டி நெல் தூற்றும் காத்தாடி. தகரத்தில் புனல் செய்து, சைக்கிள் ரியூப்பால் இறுக்கி, பைப்பின் வாயில் பொருத்தினோம். எனக்கும் ஆசை வந்துவிட்டது, மறைப்பானேன்!

உழவு மிசினை ஓடவிட்டுக் காத்தாடி சுற்றியதும் தண்ணி மிசின் திக்கித் திணறியது. காபரேற்றரில் எண்ணெய் நிற்கும் மிதவை அறைக்கும் அதே அமுக்கத்தைக் கொடுக்காவிட்டால், தள்ளுகிற காற்று எண்ணெயை வரவிடாது. விமானத்தில் அதற்கும் வழி செய்திருப்பார்கள். நாங்கள் செய்யவில்லை.

"நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். அதற்குள் 'படார்' என்று பைப் காபரேற்றரை விட்டுக் கழன்றது. பைப்பை அடைத்திருந்த குளவிக்கூடு சிதறி, மண்ணும் புழுவுமாக அண்ணை போட்டிருந்த வெள்ளைச் சேட்டில் அப்பியது. சாகக் கிடந்த எஞ்சின் ஒரே உறுமலாக உறுமியது. தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது.

"பாத்தியளோ! சுப்பர்சார்ஜர்!" என்று அண்ணை துள்ளினார்.

அக்கா தொங்கிய பைப்பைப் பார்த்தார். சேட்டைப் பார்த்தார். "ஓம் ஓம், உங்கட பைப் கழண்ட உடன பிளேன் பறக்குது" என்றுவிட்டு, மண்வெட்டியோடு வாய்க்காலுக்கு ஓடினார். முதல் பாத்தியில் தண்ணீர் ஏறியதும் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

தம்பிமாரே, எஞ்சினுக்குள் காற்றைத் தள்ள யோசிக்கமுதல், காற்று வருகிற வழியைக் கழற்றிப் பாருங்கள். இதை நான் அன்றைக்குப் படித்துக்கொண்டேன். அண்ணையோ ஊரெல்லாம் வேறு கதை பரப்பிவிட்டார்.

அடுத்த கிழமை ஒருவர் காத்தாடியொன்றைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். "தம்பி, எனக்கும் ஒரு சுப்பர்சார்ஜர் பூட்டவேணும். மிசின் இழுக்குதில்லை."

"பூட்டலாம். முதல்ல சொல்லுங்கோ, நடராசா அண்ணை உங்கட மிசினுக்கும் பைப் ஏதும் பூட்டித் தந்தவரோ?"

அவர் வாயைப் பிளந்தார். "ஓம்! பச்சைப் பைப். உமக்கு எப்பிடித் தெரியும்?"