மூன்றாவது கண்ணாடி

எங்கள் வீட்டு முன்பக்கத்து அடுக்குக் கண்ணாடிச் சன்னலில் கீழிருந்து மூன்றாவது கண்ணாடிப் பட்டையில் ஒரு காலத்தில் தூசியே படியாது. அண்ணனின் கை பட்டுப் பட்டே அப்படி ஆகியிருந்தது. சாவி எடுத்துப் போகும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. லாரி ஓட்டிவிட்டு எப்போது வந்தாலும் கண்ணாடியைப் பிடித்திருக்கும் கவ்வியை நெம்பி, அதை உருவிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, கம்பிகளுக்கிடையே கையை விட்டுக் கதவுத் தாழ்ப்பாளைத் திறந்துவிடுவான். "எனக்கு எதுக்குச் சாவி, தங்கச்சி? வீடே என்னைத் தெரிஞ்சு வச்சிருக்குலா" என்பான். நாங்கள் இருந்த எஸ்டேட் விற்றுப்போய், சுங்கை சிப்புட் தாமான் குடியிருப்புக்கு வந்த நாளிலிருந்து இதே கதைதான்.

இந்த மாதம் எங்கள் வரிசையில் இரண்டு வீடுகளில் திருடர்களும் அதே வித்தையைக் காட்டிவிட்டார்கள். சன்னலை மாற்றியே ஆக வேண்டும் என்றேன். "அவன் வந்தா எப்படி உள்ள வருவான்?" என்றார் அம்மா. ஆறு வருடமாக எட்டிப் பார்க்காதவனுக்காக இந்தக் கவலை! நானும் இந்த வீட்டில்தான் இருக்கிறேன், தினமும் ஈப்போவுக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிறேன். என் சாவியைப் பற்றி யாரும் ஒரு நாளும் கேட்டதில்லை.

கோபத்துக்குக் கீழே இருந்தது வேறு. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அண்ணன் போனை எடுக்கவே இல்லை. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள்தான் வந்தான். கவ்வியை நெம்பும் சத்தம் கேட்டு ஓடினேன். அவன் வெளியிலிருந்து கண்ணாடியை இழுக்க, நான் உள்ளிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "போ. இனிமே இந்த வீட்டுக்கு வராதே" என்றேன். கொஞ்ச நேரம் இழுத்தான். பிறகு விட்டுவிட்டான். அடுப்படியில் இருந்த அம்மாவிடம், அண்ணன் வந்தான், அவசரமாக லாரி எடுக்கக் கூப்பிட்டார்கள், போய்விட்டான் என்று சொன்னேன். அந்தப் பொய்யோடுதான் இத்தனை வருடமும் அவர் முகத்தைப் பார்த்து வந்தேன்.

ஆள் வைத்தால் இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அதற்குள் என் மனசு மாறிவிடுமோ என்று பயந்து நானே இறங்கினேன். துருப்பிடித்த ஸ்குரூக்களைக் கழற்றுவதற்குள் விரல் கிழிந்தது. மரச்சட்டம் கோணலாக இருந்ததால், வாங்கி வந்த அலுமினிய இழுப்புச் சன்னல் மேலே பொருந்தியது, கீழே முரண்டு பிடித்தது. கழற்றினேன், மரத்தைச் செதுக்கினேன், மாட்டினேன், மறுபடியும் கழற்றினேன். ஒரு நிமிடம் உட்கார முடியவில்லை. அந்த மூன்றாவது கண்ணாடியையும் மற்றவற்றோடு சேர்த்தே அடுக்கினேன். அதற்கென்ன தனி மரியாதை? இடுக்கில் சிலிக்கோன் பசை பூசி முடிக்கும்போது சாயங்கால மழை பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

அம்மா வந்து சன்னலை இழுத்து மூடிப் பார்த்தார். மழைச் சத்தம் சட்டென்று அடங்கியது.

"நல்லா மூடுது. இனிமே வெளியில பேசுனா உள்ள கேக்காது. பழைய சன்னல்ல எல்லாமே கேக்கும். அன்னைக்கு நீ அவன்கிட்ட சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு."

"அப்பவே ஏம்மா என்னைக் கேக்கல?"

"எனக்கும் அவன் மேல கோபந்தான். நீ சொன்னது சரின்னு அப்ப தோணுச்சு. இப்பத் தோணல." சன்னல் பிடியிலிருந்து கையை எடுத்தார். "இனிமே அவன் கதவு வழியாத்தான் வரணும். நீதான் தொறந்து விடணும். போன் பண்ணு."

பசை ஒட்டிய விரலைப் போன் ஏற்கவில்லை. சட்டையில் துடைத்துத் துடைத்து அழுத்தினேன். இரண்டு முறை மணி அடித்தது.

"சொல்லு" என்றான் அண்ணன், யார் என்று கேட்காமல்.