என் கல்வாழைக் குழி

எதிர்வீட்டுக்காரரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளில் காரைக்குடியில் எங்கள் தெருவுக்குப் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே திரும்பத் திரும்பத் தார் போட்டு உயர்த்தினார்கள். என் வாசல் பள்ளமாகிவிட்டது. போதாக்குறைக்கு, கோலம் பளிச்சென்று தெரியவேண்டுமென்று அவரவர் வாசலுக்குச் சிமென்ட் பூசிக்கொண்டார்கள். மண்ணே இல்லாத தெருவில் மழைத் தண்ணீர் எங்கே போகும்? சாணியும் அறுந்த செருப்புமாக என் முன்னறைக்குள் வந்தது. ஓர் ஐப்பசியில், திருத்த வைத்திருந்த பரீட்சைத்தாள் ஒரு கட்டு கூழாகிப் போனது. தலைமையாசிரியை முன்னால் குற்றவாளி மாதிரி நின்றேன்.

அந்த ஆத்திரத்தில்தான் வாசலோரம் இடுப்பளவு குழி தோண்டினேன். அடியில் உடைந்த செங்கல், அதன்மேல் ஆற்றுமணல், மேலே மண்ணும் கல்வாழையும். தெருத்தண்ணீர் அதில் இறங்கி மறுநாளே வற்றிவிடும். அதன்பிறகு அந்த மழைக்காலத்தில் என் தரை நனையவில்லை.

“இப்படிக் குழிய வெட்டிப் போட்டிருக்கீக, கொசு வருது டீச்சர்” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

“ஒங்க வீட்டுத் தொட்டியத் தொறந்து பாருங்கண்ணே. கொசு அங்கனதான் குடும்பம் நடத்துது” என்றேன்.

அடுத்த வருடம் கார்த்திகைக் கடைசியில், காளையார்கோவிலில் ஒரு சாவுக்குக் கேதம் கேட்கப் போய் இரண்டு நாளில் திரும்பினேன். குழியைக் காணோம். மார்கழிக் கோலத்துக்காகத் தன் வாசலை மறுபடி பூசிய எதிர்வீட்டுக்காரர், அதே கொத்தனாரை வைத்து என் குழியையும் நிரவிப் பூசியிருந்தார். கல்வாழை குப்பையில் கிடந்தது.

“ஒங்களுக்கும் சேத்தே போட்டாச்சு டீச்சர். கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரக் கோலம் போடுவீகல்ல?” என்று, நான் நன்றி சொல்லப்போகிறேன் என்பதுபோல நின்றார்.

மூன்றாம் நாள் மழை. முன்னறையில் கணுக்கால் தண்ணீர். மறுநாள் காலையில் அவர் கண்ணெதிரிலேயே கடப்பாரையால் சிமென்ட்டை உடைத்தேன்.

“பொம்பளையா இது?” என்று கத்தினார்.

“பொம்பளதாண்ணே. தள்ளி நில்லுங்க, சில்லு தெறிக்கும்.”

குப்பையிலிருந்து கல்வாழைக் கிழங்குகளைப் பொறுக்கி மறுபடி நட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் அவரே விளக்குமாற்றோடு வந்து, தன் வாசலில் தேங்கியதை என் குழிக்குள் தள்ளினார். நிமிர்ந்து பார்க்கமாட்டார். நானும் கதவைத் திறக்கமாட்டேன்.

எனக்கு மாற்றல் வந்தபோது, என் வீட்டை அவரே தன் மகளுக்காக வாங்கினார். மகள் கோலம் போட வேண்டுமென்று, குடிவைத்த வாரமே குழியை மூடிச் சிமென்ட் பூசினாராம். அந்த ஐப்பசியில் வானம் இருட்டியபோதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.