கூடத்தில் ஒரு கடல் சாமந்தி

லிஃப்ட் மெக்கானிக்குக்கும் அவருடைய மாமனாருக்கும் நேருக்கு நேர் பேச்சு கிடையாது. கல்யாணம் பேசும்போதே, "கயித்துல தொங்குற பிழைப்புக்கு என் பொண்ணு கேக்குதா?" என்று பெரியவர் சொல்லிவிட்டார். அது இவர் காதில் விழுந்து தொலைத்தது. முழங்கால் தேய்ந்து பெரியவர் மகள் வீட்டுக்கே வந்த பிறகும், பேச்செல்லாம் மகள் வழியாகத்தான்.

"மோட்டார் சத்தம் மண்டையைக் குடையுதுன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா."

"காதுல பஞ்சு வச்சுக்கச் சொல்லு உங்கப்பாவை."

மூவரும் ஒரே கூடத்தில்தான் இருப்பார்கள்! நடுவில் அவள் பாடு திண்டாட்டம்.

மோட்டார் என்றது மெக்கானிக்கின் கடல்நீர் மீன்தொட்டியில் ஓடுவதை. ஜன்னலோரம் முழுவதையும் தொட்டி அடைத்துக்கொண்டதால், பெரியவரின் கட்டில் இருட்டு மூலையில் கிடந்தது.

போதாததற்கு மெக்கானிக் ஒரு கடல் சாமந்தியும் வாங்கி வந்தார். பேர்தான் பூ, ஆனால் பிராணி. பாறை இடுக்கில் காலை ஊன்றிக்கொண்டு கொத்தாகக் கைகளை விரிக்கும். வெள்ளை வெளேரென்று இருந்தது. "அபூர்வ சாதி சார்" என்று கடைக்காரன் தலையில் கட்டிவிட்டான். வீட்டில் விட்டால் வாய் பிளந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தார், நல்ல சாமந்தியானால் விரலில் ஒட்டும், இது ஒட்டவில்லை. கைகளின் நுனி உப்பியிருந்ததை வைத்துத்தான் இன்னதென்று பிடிபட்டது. அபூர்வமாவது மண்ணாங்கட்டியாவது, சாதாரணக் குமிழ்ச் சாமந்தி! பழுப்பாக இருக்க வேண்டியது. உடம்புக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் பாசி வெளியேறிப் பட்டினியில் வெளுத்திருந்தது.

"இது செத்தா தண்ணி மொத்தமும் கெட்டுடும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்படி நாறுச்சுன்னா தொட்டி வெளியே, அப்பா கட்டில் ஜன்னலோரம். ஆமா" என்றாள் மனைவி.

மெக்கானிக் தொட்டி விளக்கைத் தணித்து வைத்து, பாசி திரும்ப வளர மெல்ல மெல்லக் கூட்டினார். இறாலைப் பொடிப்பொடியாக நறுக்கி இடுக்கியால் வாயருகே நீட்டினார். கடைசியில் நிறம் ஏறத் தொடங்கியது. "வெள்ளையா வாங்கிட்டு வந்ததைக் கறுக்க வச்சுட்டுக் குதிக்கிற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்று மனைவி சிரித்தாள். பெரியவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தொட்டியை முறைத்துக்கொண்டே இருந்தார். வேறு எங்கே பார்ப்பார், பாவம்!

சாமந்திக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. இடம் பிடிக்காவிட்டால் காலைப் பெயர்த்துக்கொண்டு சுற்றக் கிளம்பிவிடும். தண்ணீரை உறிஞ்சும் மோட்டாரின் வாயில் சிக்கினால் கூழ்தான். அதற்காகவே அங்கே ஸ்பாஞ்சு மாட்டியிருந்தார். ஒரு நாள் காலையில் அதைக் கழற்றி அலசிக்கொண்டிருந்தபோது, யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டதாகப் போன் வந்தது. போட்டது போட்டபடி ஓடினார். லிஃப்ட் வேலையில் மூடியை மாட்டினாயா என்று வேலையாட்களின் உயிரை எடுப்பவர் இவர்தான்!

சாயங்காலம் கதவைத் திறந்தவருக்குப் பகீரென்றது. மோட்டார் சத்தமே இல்லை. மனைவி இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. தொட்டிக்கு அருகே தரையில் மாமனார் உட்கார்ந்திருந்தார், கையில் பிடுங்கிய பிளக்.

"சாதிச்சுட்டீங்கல்ல! மோட்டார் நின்னா மீனெல்லாம் மூச்சு முட்டிச் செத்துடும். கட்டிலுக்கு இடம் வேணும்னா வாயைத் திறந்து கேக்க வேண்டியதுதானே?"

பெரியவர் மோவாயால் தொட்டியைக் காட்டினார். மோட்டாரின் வெறும் வாயில் சாமந்தியின் இரண்டு கைகள் சிக்கி நசுங்கியிருந்தன. மற்றபடி உடம்பு முழுசாக இருந்தது. மெக்கானிக்குக்கு அப்போதுதான் ஸ்பாஞ்சு நினைவுக்கு வந்தது.

"உள்ள இழுத்துக்கிட்டிருந்துச்சு மாப்பிள்ளை. கூப்பிட்டா வர வீட்டுல யாரு இருக்கா? எப்படியோ குனிஞ்சு புடுங்கிட்டேன். அப்புறம் எந்திரிக்க முடியல."

"எப்ப மாமா?"

"மதியம் சாப்பிடலாம்னு எழுந்தப்ப."

மேசையில் மனைவி மூடி வைத்துப்போன தட்டு அப்படியே இருந்தது. மெக்கானிக் குந்தி, அவர் அக்குளில் கைகொடுத்தார். பெரியவரின் உடை நனைந்திருந்தது. தொட்டித் தண்ணீர் அல்ல. பெரியவர் கூசிப்போய் அவர் கையைத் தட்டிவிட்டார்.

"என்னை விடுங்க. மீனுங்க மேல வந்து வாயைப் பிளக்குது பாருங்க. முதல்ல பூவை எடுத்துட்டு மோட்டாரைப் போடுங்க."

"அதுங்க பொறுக்கும். நீங்க வாங்க மாமா" என்று மெக்கானிக் அவரைத் தூக்கித் தோளில் சாய்த்துக் குளியலறைக்கு அழைத்துப் போனார்.