தாராபுரத்தில் உறுதியான கோள்

உம்மா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு, வாப்பாவைத் தனியே விட மனமில்லாமல் எங்கள் ஊரான தாராபுரத்துக்குத் திரும்பி வந்தேன். வெளிநாட்டில் நான் செய்துகொண்டிருந்த வானியல் ஆராய்ச்சியை வீட்டிலிருந்தே தொடரலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். வாப்பாவுக்கு அப்போதே ஞாபகம் மங்கத் தொடங்கியிருந்தது.

என் பொறுப்பில் ஒரு நட்சத்திரம் இருந்தது. சில நாள்களுக்கு ஒருமுறை அதன் ஒளி சற்றே குறைந்து மீண்டது. ஒரு கோள் அதன் குறுக்கே போகலாம். இன்னொரு நட்சத்திரம் மறைத்தாலும் அப்படித்தான் தெரியும். முன்பு அப்படி ஏமாந்திருக்கிறோம். சுற்றுகிற பொருள் இழுக்கும்போது நட்சத்திரம் எவ்வளவு வேகமாக முன்னும் பின்னும் அசைகிறது என்று அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

அளக்கும் தொலைநோக்கி சிலி நாட்டில் இருந்தது. அங்கே இரவென்றால் இங்கே பகல். ஊரே வேலைக்கும் சந்தைக்கும் போகிற நேரத்தில் நான் ஜன்னலைச் சாத்திவிட்டு மடிக்கணினிக்கு முன்னால் இருப்பேன். ஒரு இரவுக்கு ஒரு அளவீடு, வரைபடத்தில் ஒரு புள்ளிதான் கிடைக்கும். அங்கே முகில் மூடினால் அதுவும் இல்லை.

பக்கத்து வீட்டு மாமி எப்போதாவது எட்டிப் பார்ப்பார். "என்ன மகள், நாள் முழுக்க அறைக்குள்ளயே இருக்கிறீங்க?"

"வேலை மாமி" என்பேன். அதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

கடைசிப் புள்ளி ஒரு காலையில் வந்தது. நாங்கள் எதிர்பார்த்த வளைகோட்டிலேயே விழுந்தது. எங்கள் பக்கத்து அடம்பன் ரோட்டில் ஓடும் பஸ்ஸின் வேகம்தான் அந்த நட்சத்திரத்தின் அசைவுக்கும். மறைப்பது இன்னொரு நட்சத்திரமென்றால் அது பல நூறு மடங்கு கூடியிருக்கும். திரையில் என்னோடு ஆராய்ச்சி செய்யும் கூட்டாளிகள் கைதட்டினார்கள். நான் வாயைத் திறக்க முன்னமே இணைப்பு அறுந்துவிட்டது. பிறகு வரவேயில்லை.

குசினிக்குப் போனேன். வாப்பா கதிரையில் அமர்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா, நான் பார்த்துக்கொண்டிருந்தது கோள்தான். இப்ப உறுதியாயிட்டுது."

அவர் முகம் மலர்ந்தது. "மாஷா அல்லாஹ்! உம்மாட்ட சொன்னியா?"

உம்மா இல்லை என்று முன்பெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் புதிதாகக் கேட்பவர்போல அழுவார். அன்றைக்கு அதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

"இல்ல வாப்பா. இனித்தான் சொல்லணும்."

"போய்ச் சொல்லு. சந்தோசப்படுவா."

கிணற்றடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. திரும்பி வந்தபோது அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னியா?"

"ஓம், சொன்னன்."

"என்ன சொன்னா?"

அவருடைய பிளேன்டீ ஆறிப்போயிருந்தது. அதை எடுத்துப்போய் அடுப்பில் வைத்துச் சூடாக்கினேன்.